450 வருஷத்து வம்பு

என் ராஜாத்திக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தால் இரண்டாவது வரியிலேயே நீ கொட்டாவி விடுவாய், அதனால் நேரே வம்புக்கு வருகிறேன். போன கடிதம் முழுக்கக் குளிரும் மழையும்தான் இருந்தது, வானிலை அறிக்கை கேட்க என் வீட்டிலேயே ரேடியோ இருக்கிறது, இதற்குப் போய் இவள் தபால் செலவு பண்ணுகிறாளே என்று சின்னவளிடம் போனில் சொன்னாயாமே! சரி, இந்தத் தடவை குளிரைப் பற்றி ஒரு வரி கிடையாது. (ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். மே மாதம் இங்கே வசந்தமாம். நான் உள்ளே ஸ்வெட்டர், மேலே கோட்டு, தலைக்கு மப்ளர் என்று சுற்றிக்கொண்டு நிற்கிறேன், எதிரே ஒரு பெண் கையில்லாத கவுனோடு ஐஸ்கிரீம் தின்றுகொண்டு போகிறாள். போதும், நிறுத்திவிட்டேன்.)

எடின்பரோவில் கோட்டை பார்த்தாயிற்று, மியூசியம் பார்த்தாயிற்று, மேடும் பள்ளமுமான தெருக்களில் ஏறி இறங்கி முட்டி இரண்டும் கழன்றும் ஆயிற்று. இனிமேல் எனக்குப் பெரிய ஊர் வேண்டாம், பழைய சந்தை ஊராக ஒன்று காட்டுங்கள், தெருவின் இந்தக் கோடியில் நின்றால் அந்தக் கோடி தெரிய வேண்டும், உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஒரு பெஞ்சு வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். தங்கமான பிள்ளை, மறுபேச்சில்லாமல் எங்களை ஜெட்பரோவுக்கு அனுப்பி வைத்தார், அவர் மட்டும் வேலை இருக்கிறதென்று வீட்டில் தங்கிக்கொண்டார். (அன்றைக்கு டி.வி.யில் ஏதோ மேட்ச் இருந்ததை நான் கவனித்தேன், சொல்லவில்லை.) எடின்பரோவிலிருந்து தெற்கே பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போல ஆகிறது, ரயில் கிடையாது. வழியெல்லாம் பச்சை மேடு, மேடெல்லாம் ஆடு. இன்னும் பத்து மைல் போனால் ஸ்காட்லாந்தே முடிந்து இங்கிலாந்து வந்துவிடும், அப்படி ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஊர். சுமார் 4000 பேர்தான் மொத்த ஜனத்தொகை.

சந்தைச் சதுக்கம் ஊரின் நட்டநடுவில் இருக்கிறது. நாலு பக்கமிருந்தும் தெருக்கள் வந்து அங்கே கூடுகின்றன. நடுவில் ஒரு கல் நீரூற்று, அதன் உச்சியில் ஒற்றைக்கொம்புக் குதிரை. யூனிகார்ன்தான் ஸ்காட்லாந்தின் தேசிய மிருகமாம். உலகத்தில் இல்லாத ஒன்றைத் தேசிய மிருகமாக வைத்துக்கொள்ள ஒரு தைரியம் வேண்டும்டி, எனக்கு ரொம்பப் பிடித்தது. இந்தப் பக்கத்து மடங்கள் ஆடு வளர்த்து, கம்பளி விற்றுத்தான் கொழுத்தனவாம், கடல் தாண்டி ஐரோப்பாவுக்கெல்லாம் மூட்டை மூட்டையாகப் போயிருக்கிறது. கம்பளி கணக்கில் எழுதிய வியாபாரம், கணக்கில் எழுதாத இன்னொரு வியாபாரமும் இருந்திருக்கிறது. 1707 வரை இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் தனித்தனி பார்லிமென்ட், தனித்தனி வரி, எல்லையோ கூப்பிடு தூரம், அப்புறம் கேட்கவா வேண்டும்? ராத்திரியோடு ராத்திரியாக மலை தாண்டிச் சரக்குப் போயிருக்கிறது. இரண்டு நாடும் ஒன்றானதும் வரி ஒன்றாகிப்போய் அந்தப் பிழைப்பும் படுத்துவிட்டதாம். இதையெல்லாம் பலகை பலகையாக நின்று படித்துச் சொன்னது இவர்தான். நம் ஊரில் பஸ் போர்டைக்கூட என்னை விட்டுப் படிக்கச் சொல்கிற மனுஷர், இங்கே வந்ததிலிருந்து எழுத்தென்று எது கண்டாலும் விடுவதில்லை.

மத்தியானம் மடாலயத்துக்குப் போனோம். 1138இல் முதலாம் டேவிட் ராஜா கட்ட ஆரம்பித்தது, அகஸ்டின் சபைத் துறவிகளுக்காக. ஆற்றுக்கு மேலே மேட்டில் நிற்கிறது, கூரை கிடையாது, ஆனால் சுவர் அத்தனையும், மூன்று அடுக்கு வளைவு அத்தனையும் அப்படியே இருக்கிறது. திருவிழா முடிந்து சீலையெல்லாம் கழற்றி நிலையில் நிறுத்தின தேரைப் பார்த்திருக்கிறாயல்லவா, அப்படி இருந்தது. எல்லை ஊரானதால் இங்கிலாந்துக்காரன் கோபம் வந்தபோதெல்லாம் வந்து கொளுத்தியிருக்கிறான். 1540களில் மட்டும் அடுத்தடுத்து இரண்டு தடவை. அப்படியும் விடாமல் அதற்குள்ளேயே ஒரு மூலையில் கோயில் நடத்தியிருக்கிறார்கள், 1875இல்தான் வேறு கோயில் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்களாம்.

இந்த மடாலய ஊரில்தான் 1285இல் மூன்றாம் அலெக்சாண்டர் ராஜாவுக்கு இரண்டாம் கல்யாணம் நடந்தது. முதல் தாரம் போய்விட்டாள், பெற்ற பிள்ளைகள் மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள், வாரிசு வேண்டுமே என்று நாற்பத்திநாலு வயதில் பிரான்சிலிருந்து யோலாண்டே என்ற சின்னப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். கல்யாண விருந்தில் ஆட்டம் பாட்டம் நடக்கும்போது எலும்புக்கூடு ஒன்று உள்ளே வந்து ஆடிவிட்டுக் காணாமல் போயிற்றாம். கட்டுக்கதைதான், ஆனால் அடுத்த மார்ச்சிலேயே ராஜா செத்துப்போனது கட்டுக்கதை இல்லை. புயல் ராத்திரியில், எல்லாரும் வேண்டாமென்று தடுத்தும், புதுப்பெண்டாட்டியைப் பார்க்க வேண்டுமென்று குதிரையேறிப் போய், கடலோரப் பாறையில் விழுந்து செத்தார். அதிலிருந்து ஆரம்பித்த வாரிசுச் சண்டை ஒரு தலைமுறைக்கு மேல் நீண்டது. அந்தப் பெண் யோலாண்டே பாவம், வந்து அரை வருஷம்கூட முழுசாக வாழவில்லை, அவளை எந்த ஊர் என்னென்ன சொல்லியிருக்குமோ.

உள்ளே சின்னதாக ஒரு காட்சிக்கூடம். அங்கே ஒரு சீப்பு பார்த்தேன்டி! வால்ரஸ் என்ற கடல் மிருகத்தின் தந்தத்தில் செய்தது, 900 வருஷம் பழசு, 1980களில் மடாலயத்தைத் தோண்டியபோது கிடைத்ததாம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், அந்த இத்தனூண்டு இடத்தில் ஒரு மனுஷன் டிராகனோடு சண்டை போடுகிற மாதிரி செதுக்கியிருக்கிறார்கள். கல்லையும் வளைவையும் அரைமணி பார்த்தவர் இவர், சீப்பை அரைமணி பார்த்தவள் நான். துறவிகளுக்குச் சீப்பு எதற்கு என்று நான் கேட்டதற்குச் சின்னவள் தலையில் அடித்துக்கொண்டாள், ஆனால் பதில் சொல்லவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்தோம். (எண்ணெய் மட்டும் நம் ஊர் எண்ணெய். பெருங்காயத்தைப் பெட்டியில் எத்தனை பொட்டலத்துக்குள் வைத்தாலும் ஸ்வெட்டரெல்லாம் மணக்கிறது, இவர் அதற்கும் ஒரு பாட்டு பாடினார்.) பக்கத்துப் பெஞ்சில் எழுபது எழுபத்தைந்து வயசு இருக்கும், ஒரு பாட்டியம்மாள், மடியில் நாய்க்குட்டி. மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு என்ன அது என்று கேட்டார். ஒரு கரண்டி கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனாலும் விடாமல் சாப்பிட்டார், அந்த மரியாதைக்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. அப்புறம் ஆரம்பித்தது பார் பேச்சு! அவர் பேசுகிற இங்கிலீஷ் பாதி எனக்குப் புரியவில்லை, நான் பேசியது முக்கால் அவருக்குப் புரிந்திருக்காது, சின்னவள் நடுவில் நின்று இரண்டு இங்கிலீஷையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள், இருந்தாலும் வம்புக்கு என்ன குறைச்சல்?

முதலில் கெர் குடும்பத்துக் கதை. இந்தப் பக்கத்துப் பெரிய குடும்பம் அது, ஊருக்கு வெளியே ஃபெர்னிஹர்ஸ்ட் என்று அவர்களுக்குக் கோட்டை உண்டு. அந்த வம்சத்தில் எல்லாரும் இடதுகைக்காரர்கள் என்று ஊரே நம்புகிறது. கோட்டைகளில் சுழல்படி வழக்கமாக வலப்பக்கமாகச் சுற்றி ஏறும், மேலே நிற்கிறவன் வலதுகையால் வாளை வீசத் தோதாகவாம். கெர்கள் கட்டினதில் படி எதிர்ப்பக்கம் சுற்றும், இடதுகையால் வீச வேண்டுமே! கேட்டதும் உன்னைத்தான் நினைத்தேன். இடதுகையால் எழுதுகிறாய் என்று மூன்றாம் வகுப்பில் உன் விரல் கணுவிலே ஸ்கேலால் போடுவார்களே, சாயங்காலம் வீங்கின கையோடு வந்து என்னிடம் காட்டுவாயே, அந்த வீட்டில் நீ பிறந்திருந்தால் உனக்காகப் படியையே திருப்பிக் கட்டியிருப்பார்கள் கண்ணு.

அப்படித் திரும்பின படி இருக்கிற ஒரு வீட்டுக்குத்தான் பாட்டியம்மாள் எங்களை அனுப்பினார். ஊருக்குள்ளேயே தோட்டத்துக்கு நடுவில், ஒல்லியாக உயர்ந்த கல் வீடு. ராணி மேரி தங்கின வீடு என்று அதற்குப் பெயர். கெர்களுடைய வீடுதான், ராணிக்கு விட்டிருந்தார்கள் என்பது ஊரின் பேச்சு. இப்போது மியூசியம், டிக்கெட் கிடையாது. (இவர் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.) படியில் நான் ஒவ்வொன்றாக, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன், முட்டி போட்ட சத்தம் ராணி காதிலேயே விழுந்திருக்கும்.

கதையைக் கேள். 1566 அக்டோபர். மேரிக்கு இருபத்திமூன்று வயசு, நாட்டுக்கே ராணி. எல்லைப்புறத்தில் ஆடுமாடு திருடுகிற கூட்டம் அட்டகாசம் பண்ணிக்கொண்டிருக்கிறது, வழக்கு விசாரிக்க ஜெட்பரோவுக்கு வந்து தங்குகிறாள். எல்லைக் காவல் பார்க்கிற பாத்வெல் பிரபு ஒரு திருடனோடு சண்டை போட்டு வெட்டுப்பட்டு ஹெர்மிடேஜ் கோட்டையில் கிடக்கிறார் என்று தகவல் வருகிறது. சில நாள் கழித்து ராணி குதிரையேறிப் போய், பார்த்துவிட்டு, அன்றைக்கே திரும்பி வந்துவிட்டாள். போய்வர 50 மைலுக்குக் குறையாது, வழியெல்லாம் சதுப்பு. அவள் குதிரை சேற்றில் மாட்டிக்கொண்ட இடத்துக்கு ராணிச் சேறு என்று இன்றைக்கும் பெயராம். அங்கே விழுந்துபோன கைக்கடிகாரம், கைக்கடிகாரம் என்ன, அந்தக் காலத்தில் கழுத்தில் தொங்கவிடுகிற கடிகாரம், ரொம்ப வருஷம் கழித்து மண்ணிலிருந்து கிடைத்தது என்று ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.

திரும்பி வந்ததும் படுத்தவள்தான். காய்ச்சல், வாந்தி, கைகால் விறைத்து, செத்தே போய்விட்டாள் என்று ஜன்னலைக்கூடத் திறந்துவிட்டார்களாம், உயிர் போக வழி வேண்டுமென்று. அவளுடைய பிரெஞ்சு வைத்தியர் விடாமல் கைகாலைத் துணியால் இறுக்கிச் சுற்றி, தேய்த்து, எப்படியோ திருப்பிக் கொண்டுவந்தார். புருஷன் டார்ன்லி ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுநாளே கிளம்பிவிட்டான், அந்த அழகுக்கு ஒரு புருஷன்.

இனிமேல்தான் வம்பு. அடுத்த பிப்ரவரியில் அந்த டார்ன்லி எடின்பரோவில் கொலையாகிறான், தங்கியிருந்த வீடே வெடிமருந்தில் பறக்கிறது. மே மாதம் மேரி கல்யாணம் செய்துகொள்கிறாள், யாரை? பாத்வெல்லை. போதுமல்லவா? உடனே பழைய கணக்கெல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். ஓஹோ, அன்றைக்கு ஜெட்பரோவிலிருந்து 50 மைல் குதிரையில் பறந்தாளே, அது அதற்குத்தானா என்று ஆரம்பித்தது, 450 வருஷமாக ஓயவில்லை. அந்தப் பாட்டியம்மாளும் என்னிடம் அந்த இடம் வந்ததும் குரலைத் தாழ்த்தி, கண்ணைச் சிமிட்டித்தான் சொன்னார், ஏதோ போன வாரம் அடுத்த தெருவில் நடந்த சங்கதிபோல!

எனக்கு வம்பு பிடிக்கும், உன்னிடம் மறைக்க முடியுமா? ஆனால் இந்த வம்பு எனக்கு ஒட்டவில்லைடி. ஒன்று, அவள் தனியாகப் போகவில்லை, கூடவே அண்ணன்காரன் மோரே பிரபுவும் மந்திரிகளும் ஒரு படையும் போயிருக்கிறது, சில மணி நேரம் ராஜாங்க விஷயம் பேசிவிட்டுத் திரும்பியிருக்கிறாள். இரண்டு, இதை மியூசியத்தில் யாரும் சொல்லவில்லை, நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன், அவளுக்குப் பிள்ளை பிறந்தது அந்த வருஷம் ஜூன் 19. அக்டோபரில் அவள் நாலு மாதப் பிள்ளைக்காரி! பச்சை உடம்பு! நம் வீட்டில் நாலு மாதத்துக்கு ஈரத்தரையில் கால் வைக்க விடுவார்களா? குதிரை முதுகில் 50 மைல் போனவளுக்கு வந்து படுத்ததும் காய்ச்சல் வராமல் என்ன செய்யும்? காதல், ரகசியம், விஷம் என்று ஆளாளுக்கு எழுதினார்களே, ஒரு பெற்றெடுத்தவள் எழுதியிருந்தால் முதல் வரியிலேயே இதைத்தான் எழுதியிருப்பாள். அந்தக் கைக்குழந்தைதான் பிற்பாடு 1603இல் இரண்டு நாட்டுக்கும் சேர்த்து ராஜாவாகி இந்த எல்லைத் திருட்டையே ஒழித்துக்கட்டினது. ஒழித்த விதம் கொஞ்சம் முரட்டுத்தனம், முதலில் தூக்கு, அப்புறம் விசாரணை, அதற்கு இந்த ஊர் நியாயம் என்றே பெயர் வந்துவிட்டது. மகனைப் பெற்றவளோ பத்தொன்பது வருஷம் இங்கிலாந்தில் சிறையில் கிடந்து, 1587இல் சொந்தக்காரி எலிசபெத் கையெழுத்துப் போட்டுத் தலை போனவள். அன்றைக்கே ஜெட்பரோவில் செத்திருக்கலாமே என்று பின்னால் புலம்பியதாகச் சொல்வார்கள். அவளுடைய சாவு முகத்திலிருந்து எடுத்தது என்று ஒரு முகமூடி அங்கே இருக்கிறது. மூடின கண், சின்ன உதடு. நான் அதிக நேரம் நிற்கவில்லை.

ராணியைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன், ஆனால் இந்த ஊரில் என் மனசைப் பறித்தவள் இன்னொரு மேரி. இவளுக்கு ராணி மாதிரித் தனி வீடெல்லாம் இல்லை. மேரி சாமர்வில் என்று பெயர், 1780 டிசம்பரில் இங்கே பாதிரியார் வீட்டில் பிறந்தவள். அப்பா கப்பற்படை அதிகாரி. அவரைக் கப்பலேற்றிவிட்டு லண்டனிலிருந்து திரும்பி வருகிற வழியில் அம்மாவுக்கு வலி கண்டு, கூடப்பிறந்தவள் வீடு இங்கே இருந்ததால் இங்கேயே பிரசவம். அம்மாவுக்குப் பிரசவத்தில் உடம்பு ரொம்ப மோசமாகி, பால் கொடுத்தது அந்தப் பெரியம்மாவோ சித்தியோ, அவள்தான். இப்போது நெஞ்சைப் பிடித்துக்கொள். இந்தப் பெண் வளர்ந்து, கல்யாணமாகி, முதல் புருஷன் சீக்கிரமே தவறிப்போக, 1812இல் இரண்டாவதாகக் கட்டிக்கொண்டது யாரை என்று நினைக்கிறாய்? அந்த வீட்டுப் பிள்ளையை! அம்மாவின் கூடப்பிறந்தவள் பெற்ற மகனை! அண்ணன் முறைடி! எந்த மாமியார் மடியில் பால் குடித்தாளோ அந்த மாமியாருக்கே மருமகள். நான் "ஐயையோ" என்று போட்ட சத்தத்தில் தெருவில் போனவர் திரும்பிப் பார்த்தார். சின்னவள் அமைதியாக, "அத்தை மகன், மாமன் மகன் என்றால் மட்டும் நாம் பத்திரிகை அடிக்கிறோமே, அதைக் கேட்டால் இவர்களும் இதே சத்தம்தான் போடுவார்கள்" என்றாள். என்ன பதில் சொல்ல? தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தேன்.

முறை எப்படியோ போகட்டும், மனுஷன் நல்லவன். முதல் புருஷனுக்குப் பொம்பிளை படிப்பதே பிடிக்காது, இவன்தான் படி, எழுது என்று தூக்கிவிட்டவன். அவள் சின்னப் பிள்ளையில் பட்ட பாடு கேட்டால் உனக்கு ஆறாது. டீ பார்ட்டி ஒன்றில் பெண்கள் பத்திரிகையைப் புரட்டும்போது, ஃபேஷன் படங்களுக்கு நடுவில் ஏதோ எக்ஸ், ஒய் என்று கணக்குப் புதிர் இருந்திருக்கிறது, இது என்ன என்று பிடித்துக்கொண்டாள். யூக்ளிட் புத்தகம் வாங்கி ராத்திரியெல்லாம் படிக்கிறாள் என்று தெரிந்ததும் மெழுகுவத்தியைப் பிடுங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டாள் அம்மா. அவள் இருட்டில் படுத்துக்கொண்டு மனசுக்குள்ளேயே ஒவ்வொரு கணக்காகப் போட்டிருக்கிறாள். ஜெட்பரோ வீட்டுப் பாதிரியார் சித்தப்பா ஒருத்தர்தான், பிற்பாடு மாமனார் ஆனவர், உட்கார வைத்து லத்தீன் சொல்லிக்கொடுத்தவர். கடைசியில் லாப்லாஸ் என்ற பிரெஞ்சுக்காரர் கிரகங்கள் ஓடுகிற கணக்கை எழுதினாரே, ஆம்பிளைகளே தலையைச் சொறிந்த அந்தப் புத்தகத்தை 1831இல் இங்கிலீஷில் விளக்கி எழுதினாள். அவள் செத்த பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் பெண்களுக்கென்று 1879இல் ஆரம்பித்த காலேஜுக்கு அவள் பெயர்தான் வைத்தார்கள். நம் இந்திரா காந்தி படித்தது அங்கேதான், தெரியுமோ? 2017இல் இங்கே ஒரு பாங்கி அச்சடித்த பத்து பவுண்டு நோட்டில் அவள் படம் வந்தது. நான் ஒன்று கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். கடைக்குக் கடை அட்டையைத் தட்டிவிட்டுப் போகிறார்கள், நோட்டை யார் பார்க்கிறார்கள்? குதிரையேறின மேரியைப் பற்றிக் கேட்டால் ஊரே சொல்லும், இந்த மேரியைப் பற்றி நான் கேட்டதும் பாட்டியம்மாளே கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார்.

அவள் பிறந்து ஒரு வருஷத்துக்குள் அதே ஊரில் டேவிட் ப்ரூஸ்டர் என்று ஒரு பையன் பிறந்தான். பள்ளிக்கூட வாத்தியார் மகன். பக்கத்தில் இன்ச்போனி என்ற இடத்தில் கலப்பை செய்கிற ஒருவர், பொழுதுபோக்காக டெலஸ்கோப்பும் செய்வார், அவர் பட்டறையே கதியென்று கிடந்து, பத்து வயசில் தானே ஒரு டெலஸ்கோப் செய்துவிட்டான். கலைடாஸ்கோப் கண்டுபிடித்தது அவன்தான்டி! 1817இல் காப்புரிமை வாங்கியும், ஆளாளுக்குப் பார்த்துச் செய்து விற்றுவிட்டதால் அவனுக்குப் பெரிதாகக் காசு தேறவில்லையாம். உடைந்த வளையலையெல்லாம் பொறுக்கிவைத்து, மூன்று கண்ணாடிப் பட்டையை ஒட்டி, ஒரு பக்கம் எண்ணெய்த்தாள் கட்டி நாம் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்போமே, அதற்காகவே உன் பெரியக்கா வளையலை வேண்டுமென்றே உடைத்தாயே, அந்தப் பாவத்தில் ஜெட்பரோவுக்கும் ஒரு பங்கு உண்டு.

இன்ச்போனி என்றதும் இவருக்குக் காலில் நிற்கவில்லை. 1787இல் ஜேம்ஸ் ஹட்டன் என்ற மனுஷர் அங்கே ஆற்றங்கரையில் ஒரு பாறையைப் பார்த்தாராம், கீழே கல் அடுக்கு செங்குத்தாக நிற்கிறது, அதன் தலைமேல் சிவப்புக் கல் படுக்கையாகப் படுத்திருக்கிறது. கீழ் அடுக்கு உண்டாகி, மடங்கி நிமிர்ந்து, தேய்ந்து, அதன்மேல் இன்னொன்று படிய எத்தனை யுகம் ஆகியிருக்கும், அப்படியானால் பூமிக்கு வயசு சில ஆயிரம் வருஷம் இல்லை என்று அவருக்கு உறுதிப்பட்டதாம். போய்ப் பார்த்தே ஆக வேண்டுமென்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிடும் என்று சின்னவள் சொல்லிவிட்டாள். அரைமணி நேரம் உர்ரென்று வந்தவரைச் சமாதானப்படுத்தியது ஜான் லேடன். பக்கத்து டென்ஹோம் கிராமத்தில் 1775இல் பிறந்த ஆள், பாஷைப் பித்தர், 1803இல் கம்பெனி டாக்டராக நம் மெட்ராஸில் வந்து இறங்கி, மைசூர் சர்வேயில் சுற்றி, 1811இல் ஜாவாவில் காய்ச்சலில் செத்தார். அந்தக் கிராமத்து மைதானத்தில் அவருக்கு ஒரு நினைவுத்தூண் நிற்கிறதாம். "பார், இந்த ஆட்டுப்பட்டியிலிருந்து கிளம்பி நம் ஊர் வெயிலில் வந்து நின்றிருக்கிறான்" என்று இவர் பஸ் ஏறுகிறவரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

மேட்டில் இருக்கிற பழைய ஜெயிலுக்கு நான் போகவில்லை, முட்டி மறுத்துவிட்டது. முன்னே அங்கே கோட்டை இருந்ததாம், இங்கிலாந்துக்காரன் அடிக்கடி பிடித்துக்கொள்கிறான் என்று 1409இல் ஸ்காட்லாந்துக்காரர்களே இடித்துப்போட்டுவிட்டார்கள். அந்த இடத்தில் 1820களில் ஜெயில் கட்டினார்கள்.

பிப்ரவரி வாக்கில் வந்தால் பந்து விளையாட்டுப் பார்க்கலாம் என்றார் பாட்டியம்மாள். ஊரே இரண்டாகப் பிரிந்து, மேலூர் ஒரு கட்சி, கீழூர் ஒரு கட்சி, ரிப்பன் கட்டின சின்னத் தோல் பந்துக்காகத் தெருவெல்லாம் கட்டிப்புரளுவார்களாம். கடைக்காரர்கள் முன்னாடியே ஜன்னலுக்குப் பலகை அடித்துவிடுவார்கள். பந்து ஆற்றில் விழுந்தால் அந்தக் குளிரில் ஆற்றிலும் இறங்குவார்கள். ஆதியில் அது பந்தே இல்லை, வெட்டின இங்கிலாந்துக்காரன் தலை என்று ஒரு கதை. "நீங்கள் எந்தக் கட்சி" என்றேன். மேலூர் என்று அவர் சொன்ன மிடுக்கைப் பார்க்க வேண்டுமே! கட்டிக்கொண்டவர் கீழூராம், அந்த ஒரு நாள் மட்டும் வீட்டில் பேச்சுவார்த்தை கிடையாதாம்.

இன்னொன்று சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1787 மே மாதம் இங்கே வந்தார், ஊர் அவருக்குக் கௌரவக் குடிமகன் பட்டம் கொடுத்தது. அவரோ இசபெல்லா லிண்ட்சே என்ற உள்ளூர்ப் பெண்ணைப் பார்த்துச் சொக்கிப்போய், அதைத் தன் டயரியிலும் எழுதிவைத்துவிட்டார். அந்தப் பெண் சீக்கிரமே வேறொருவரைக் கட்டிக்கொண்டாள். பட்டம் வாங்க வந்தவர் பட்டத்தோடு மட்டும் போக வேண்டியதாயிற்று.

உனக்கு ஜெட்பரோ நத்தை வாங்கியிருக்கிறேன். அலறாதே, மிட்டாய்தான். பழுப்பு நிறத்தில், நத்தை சுருண்ட வடிவத்தில், புதினா வாசனையோடு இருக்கும். நெப்போலியன் காலத்தில் இங்கே கைதியாக இருந்த பிரெஞ்சுக்காரன் ஒருவன் சொல்லிக்கொடுத்த பக்குவமாம். ஒரு பொட்டலம் பஸ்ஸிலேயே இவர் வாயில் கரைந்துவிட்டது, சர்க்கரை இருக்கிற உடம்பு என்று நான் சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று. இரண்டாவது பொட்டலத்தை என் புடவைகளுக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கிறேன், பெருங்காய வாசனை ஏறாமல் வந்து சேர்ந்தால் உன் பாக்கியம்.

நீ போன கடிதத்தில் எதிர்வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனாள் என்று எழுதி, "மீதி நேரில்" என்று முடித்திருந்தாயே, அது என்னடி நியாயம்? நேரில் வர எனக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. யார் முதலில் வாயைத் திறந்தது, அந்த மாமியார் என்ன சொன்னாள், அந்தப் பையன் எந்தப் பக்கம் நின்றான், எல்லாம் முழுசாக எழுது. அந்தப் பெண்ணுக்கும் கைக்குழந்தை இருக்கிறதல்லவா, எத்தனை மாசம் என்பதை மறக்காமல் எழுது, அது தெரியாமல் நான் எந்தப் பக்கமும் பேச மாட்டேன்.

உன் முட்டிக்குத் தைலம் தேய்க்கிறாயா? என் முட்டி கேட்கச் சொன்னது.

என்றும் உன்,
வம்புக்காரி